பழகிய வீட்டைக் காலி செய்தால் மனசு எதைத் தேடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து, இருபது, முப்பது வருஷம் குடியிருந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்காக எழுதியது. லாரி பிடிப்பது, பெட்டி கட்டுவது பற்றி இதில் ஒன்றும் இல்லை. போன பிறகு எது இல்லாமல் தவிப்போம், அதில் எதையெல்லாம் கையோடு கொண்டுபோகலாம், அதை எப்படிச் செய்வது என்பது மட்டும்தான்.

வீடு மாறியவர்கள் உண்மையில் எதைத்தான் தேடுகிறார்கள்?

கிளம்புவதற்கு முன் கேட்டால் பெரிய விஷயங்களாகச் சொல்வார்கள்: அகலமான கூடம், மாடி, தோட்டம். போய் மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள், பதில் மாறியிருக்கும். ராத்திரி எழுந்தால் விளக்குப் போடாமலே தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுக்க முடிந்தது. குளியலறைக் குழாயை எவ்வளவு திருப்பினால் வெந்நீர் பதமாக வரும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. வாசற்கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே வந்தது யார் என்று சொல்ல முடிந்தது. கூடத்தின் அகலம் ஞாபகத்துக்கே வராது.

இதெல்லாம் உடம்பு படித்துவைத்த பாடம். குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உண்டு என்பதை மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டுபிடித்தார். 2014இல் மே-பிரிட் மோஸர், எட்வர்ட் மோஸர் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வருஷக்கணக்கில் இருந்த வீட்டின் வரைபடம் உள்ளே அவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. பதிந்துபோனதாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததை 'இதையெல்லாம் தேடப்போகிறேன்' என்று உட்கார்ந்து பட்டியல் போடவும் முடியாது. கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் பாதி, இந்தக் கண்ணில் படாதவற்றைக் கண்ணில் படவைப்பதற்கானவை.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

முதல் அட்டைப்பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன். பெட்டி வந்ததும் வீடு வீடாக இருக்காது. அலமாரி காலியாகும், திரைச்சீலை இறங்கும், எதிரொலி மாறும், வாசனைகூட அட்டை வாசனையாகிவிடும். 'கடைசி வாரம் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்களிடம் இருப்பது பெட்டிகளின் படங்கள்தான்.

பொதுவாக நான்கு வாரம் போதும். மரக்கிளையில் பதியம் போடுவதாக இருந்தால் மட்டும் இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

எதைத் தேடுவேன் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

இரண்டு சோதனைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் செலவு கிடையாது.

முதலாவது, இருட்டு நடை. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகுவதற்கு முன்பே (முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்) படுக்கையிலிருந்து சமையலறை வரை மெதுவாக நடந்து திரும்புங்கள். கை தானாக எங்கே நீள்கிறது, கால் எங்கே அடி குறைக்கிறது என்று பாருங்கள். கதவு நிலையைத் தாண்டும்போது தோளைச் சற்றே திருப்புகிறீர்கள், ஏனென்றால் அங்கே ஓர் ஆணி இருக்கிறது. மூன்றாவது அடியில் கட்டைவிரல் உயர்கிறது, ஏனென்றால் அந்த ஓடு சற்றுத் தூக்கியிருக்கிறது. ஆணியும் ஓடும் பகலில் யார் கேட்டாலும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்காது. திரும்பி வந்ததும் விளக்குப் போட்டு எழுதிவிடுங்கள், காலையில் மறந்துபோகும். வழியில் கிடக்கும் சாமான்களை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். படிக்கட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

இரண்டாவது, ஒரு நாள் குறிப்பு. சட்டைப்பையில் சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, பார்க்காமலே செய்த ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். 'தாழ்ப்பாளை மேலே தூக்கி இடது பக்கம் தள்ளினேன்.' 'மழை வருமா என்று பார்க்க ஜன்னலுக்குப் போகவில்லை, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தேன்.' ஒரு நாளில் முப்பது நாற்பது வரி சேரும். வீட்டில் இருக்கிற எல்லோரும் தனித்தனியாக எழுதுவது நல்லது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஆளுக்கொரு வீட்டில்தான் வாழ்ந்திருப்பார்கள்.

போட்டோ எடுத்தால் போதாதா?

போதும், சரியாக எடுத்தால். வழக்கமாக நடக்கும் தப்பு, எடுப்பதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது. பிற்பாடு நீங்கள் பார்க்க ஆசைப்படுவது ஒழுங்கான வீட்டை இல்லை. நாற்காலி முதுகில் தொங்கும் துண்டு, மேஜை இழுப்பறைக்குள் கிடக்கும் குப்பை, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டு. எதையும் நகர்த்தாமல் எடுங்கள்.

ஓர் அறைக்கு இவ்வளவு வேண்டும்:

- நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், நிற்கும் உயரத்தில்.
- நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண் உயரத்தில் ஒன்று.
- படுக்கையில் படுத்து, விட்டத்தைப் பார்த்து ஒன்று. ஆயிரக்கணக்கான ராத்திரி பார்த்த காட்சி இது. எடுப்பவர் மிகக் குறைவு.
- ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் வெளியே ஒன்று, ஜன்னல் சட்டமும் தெரிகிற மாதிரி ஒன்று.
- திறந்த அலமாரி, திறந்த இழுப்பறை, பரண்.
- ஒரு சாண் தூரத்தில் கைபட்டுத் தேய்ந்த இடங்கள்: கைப்பிடி, படியின் விளிம்பு, ஸ்விட்ச்சைச் சுற்றி அழுக்கேறிய சுவர்.

போனில் இருக்கும் அகலக் கோண லென்ஸ் முழு அறையையும் அடக்கிவிடும், ஆனால் அறையை நிஜத்தைவிடப் பெரிதாகக் காட்டி ஓரங்களை இழுத்துவிடும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் 'இவ்வளவு பெரிசா இருந்தது?' என்று குழம்புவீர்கள். அகலக் கோணத்தில் ஒன்று எடுத்தால் சாதாரண லென்ஸில் நான்கு எடுங்கள்.

வீடியோ என்றால் ஒவ்வோர் அறையிலும் ஒரே திசையில் சுற்றி, ஒவ்வொரு சுவருக்கும் பத்து விநாடி நின்று எடுங்கள். இரண்டு தடவை எடுக்க வேண்டும்: ஒன்று பேசாமல், ஒன்று 'இது இங்கே எப்படி வந்தது' என்று சொல்லிக்கொண்டே. சேர்த்து எடுத்தால் பேச்சு சத்தத்தில் வீட்டின் சத்தம் போய்விடும். எல்லாவற்றையும் மூன்று பிரதி வையுங்கள், குறைந்தது இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். வீடு மாறும் வாரத்தில்தான் ஹார்ட் டிஸ்க் கீழே விழும்.

அந்த ஜன்னல் வெளிச்சத்தைப் படத்தில் பிடிக்கவே முடியவில்லையே?

கேமரா பிடிக்கவிடாது. சாயங்கால மஞ்சளைப் பார்த்ததும் 'நிறம் தப்பாக இருக்கிறது' என்று அதுவே வெள்ளையாக்கிவிடும். நிறச் சமநிலையைத் தானியங்கியிலிருந்து மாற்றி 'பகல் வெளிச்சம்' (5500 கெல்வின் அளவு) என்று பூட்டுங்கள். போனின் சொந்தக் கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் கையால் அமைக்கும் கேமரா செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு போனை ஒரே இடத்தில் நிறுத்தி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மணிக்கு ஒரு படம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், தரையில் விழும் வெளிச்சக் கட்டம் எப்படி ஊர்ந்து போகிறது என்பது பன்னிரண்டு பதின்மூன்று படத்தில் தெளிவாகத் தெரியும். தேதியையும் எழுதிவையுங்கள். ஜன்னல் ஒன்றேதான் என்றாலும் ஆறு மாதம் தள்ளி வெயில் வேறு இடத்தில் விழும். இரண்டு பருவத்திலும் எடுக்க அவகாசம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சத்தத்தை எப்படிப் பதிவு செய்வது?

பலரும் கோட்டை விடும் இடம் இது. படம் ஆயிரம் இருக்கும், சத்தம் ஒன்றுகூட இருக்காது. கேட், மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி நிரம்பும் சத்தம், தூரத்து ரயில், பக்கத்து வீட்டு வானொலி: வீடு என்று மனசுக்குள் ஒலிப்பது இவைதான்.

போனே போதும். ஆனால் பதிவுச் செயலிகள் பலவும் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணியை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். நமக்கு வேண்டியதே அந்தப் பின்னணிதான். அமைப்புக்குள் போய் இரைச்சல் குறைப்பை அணையுங்கள். வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஸ்டீரியோ 16 பிட் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 11.5 மெகாபைட், ஐந்து நிமிஷத்துக்கு 58. பெரிய சுமை இல்லை.

போனை விமான நிலையில் (ஏர்பிளேன் மோட்) போட்டு, மடித்த துணியின் மேல் வையுங்கள்; மேஜையில் நேராக வைத்தால் மேஜையின் அதிர்வு சேர்ந்துகொள்ளும். பதிவை அழுத்திவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். கையில் பிடித்தபடி நின்றால் உங்கள் மூச்சும் சட்டை உரசலும்தான் பதியும். விடியற்காலை, மத்தியானம், விளக்கு வைக்கும் நேரம், நள்ளிரவு என்று நான்கு வேளை, வேளைக்கு ஐந்து நிமிஷம். இது தவிர ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் தட்டி, படியில் ஏறி இறங்கித் தனித்தனியாகப் பதியலாம். கோப்பின் பெயரிலேயே 'மாடிப்படி, ஏறும்போது' என்று எழுதிவிடுங்கள். எண் மட்டும் போட்ட கோப்பு இரண்டு வருஷத்தில் அநாதையாகிவிடும்.

கடைசியாக, சாமான்கள் நிறைந்த கூடத்தில் ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பதியுங்கள். காலி செய்த அன்று அதே இடத்தில் நின்று இன்னொரு தடவை. துணியும் மெத்தையும் புத்தகமும் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவை போனதும் கூடம் வேறு குரலில் பேசும்.

வீட்டு வாசனையைக் கொண்டுபோக முடியுமா?

கொஞ்சம் முடியும், கொஞ்ச காலத்துக்கு.

சொந்த வீட்டு வாசனை நமக்குத் தெரியாது. மூக்கு பழகிவிடும். இரண்டு வாரம் வெளியூர் போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும் முதல் நிமிஷத்தில் மட்டும் தெரியும். வாசனை வந்தால் நினைவு சட்டென்று வருவதற்கும் காரணம் உண்டு: மற்ற புலன்களின் செய்தி முதலில் மூளையின் தலாமஸ் வழியாகப் போகிறது, மூக்கின் செய்தி அந்தச் சுற்று இல்லாமல் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

செய்முறை: துவைத்து, வாசனையில்லாமல் நன்றாக அலசிய பருத்தித் துணித் துண்டுகளை மர அலமாரி, பரண், படுக்கையறை என்று இடத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் போட்டுவையுங்கள். பிறகு ரப்பர் வளையமுள்ள கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்புங்கள்; காற்றுக்கு இடம் குறைவாக இருக்கட்டும். மூடி, இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். அதற்கே ஒரு வாசனை உண்டு, தவிர மெல்லிய பாலித்தீன் வழியாக வாசனை மெல்லமெல்ல வெளியேறிவிடும். துணியில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் ஒரு மாதத்தில் ஜாடியைத் திறக்கும்போது பூஞ்சை வாசனைதான் வரும். அடிக்கடி திறந்தால் சீக்கிரம் தீரும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. வீட்டு வாசனையில் பாதி, நீங்கள் வாங்கும் பொருள்களின் வாசனை. சலவைத்தூள், தரை துடைக்கும் திரவம், சோப்பு, மர மெருகு எல்லாவற்றின் பெயரையும் எழுதிக்கொண்டு, புது வீட்டிலும் முதல் சில மாதம் அதையே வாங்குங்கள். மீதிப் பாதி சுவரும் ஈரமும் பழைய மரமும். அது வராது.

கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அதை என்ன செய்வது?

வீட்டை விற்றவர்கள் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து தேடுவது பெரும்பாலும் இதைத்தான். புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையாக வர்ணம் அடிப்பார்கள்.

நிலையின் மேல் ஆணியடித்த அலங்காரச் சட்டத்தில் கோடுகள் இருந்தால் சட்டத்தையே கழற்றலாம். ஓரத்தில் வர்ணம் சுவரோடு ஒட்டியிருக்கும். அந்த இணைப்பை முதலில் கத்தியால் மேலிருந்து கீழ்வரை கீறிவிட்டுத்தான் நெம்ப வேண்டும். கீறாமல் நெம்பினால் வர்ணம் கோடுகளோடு சேர்ந்து உரிந்துவரும். மாற்றுச் சட்டம் தயாராக இருக்கட்டும்.

சுவரிலேயே, அல்லது கழற்ற முடியாத நிலையில் இருந்தால் நகல்தான். இரண்டு மீட்டர் நீளத்துக்கு டிரேஸிங் பேப்பர் எடுத்து, கீழ் விளிம்பு தரையைத் தொடும்படி நிறுத்துங்கள். ஒட்டுநாடாவைக் கோடுகளின் மேல் ஒட்டாதீர்கள், எடுக்கும்போது பென்சில் கரியும் கூடவே வந்துவிடும். வெற்றுச் சுவரில் ஒட்டுங்கள். கோடு, தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் அப்படியே வரைந்தெடுங்கள். பிறகு இரும்பு டேப்பால் தரையிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் அளந்து, பக்கத்திலேயே சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஈரப்பதத்துக்கு ஏற்பக் காகிதம் நீண்டு சுருங்கும், எண் மாறாது. டேப்பைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் படமும் எடுங்கள், கேமரா அந்தந்தக் கோட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் சாய்த்து எடுத்தால் சாய்கோணத்தில் அளவு தப்பும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் எப்போதாவது தரைக்குப் புது ஓடு பதித்தீர்களா? பதித்திருந்தால், அதற்கு முந்தைய கோடுகளைப் பழைய தரையிலிருந்துதான் அளந்திருப்பீர்கள். ஓடும் கலவையும் சேர்ந்து 4 சென்டிமீட்டர் என்றால், இப்போது அளக்கும்போது அந்தப் பிள்ளை 4 சென்டிமீட்டர் குள்ளமாகத் தெரியும். அந்தக் கோடுகளுக்கு மட்டும் கூட்டி எழுதுங்கள்.

வீட்டின் அளவுகளை எடுத்து வைப்பதில் பிரயோஜனம் உண்டா?

உண்டு. ஞாபகத்தில் அறைகள் நாளாக நாளாகப் பெரிதாகும், அல்லது சிறிதாகும், அப்படியே நிற்பதில்லை. ஒவ்வோர் அறைக்கும் நீளம், அகலம், உயரம், அதோடு இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமில்லையென்றால் அறை சதுரம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். பழைய வீடுகளில் இது சகஜம். ஜன்னல் அடிக்கட்டையின் உயரம், ஸ்விட்ச் பலகையின் உயரம், படியின் ஏற்றமும் அகலமும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் உயரம் புது வீட்டில் ஏதாவது மாற்றும் வாய்ப்பிருந்தால் நேரடியாக உதவும்.

செடிகளையும் மரத்தையும் கொண்டுபோகலாமா?

தொட்டிச் செடி போகும். தரையில் இருக்கும் செடிக்கு வாரிசு போகும். வளர்ந்த மரம் போகாது.

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஆசைப்பட்டுத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிமரத்தின் விட்டத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு விட்டமுள்ள மண் கட்டியோடு எடுக்க வேண்டும் என்பது கணக்கு. 10 சென்டிமீட்டர் தடிமன் என்றால் மண் கட்டி ஒரு மீட்டருக்கு மேல், எடை அரை டன்னுக்கு மேல். அப்படி எடுத்தாலும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மண்ணிலேயே நின்றுவிடும், அவை கிளைப் பரப்பையும் தாண்டி ஓடியிருக்கும். மரம் உடனே சாகாது. ஓரிரு வருஷம் இழுத்துக்கொண்டிருந்து சாகும். அதைப் பார்ப்பது இன்னும் கொடுமை.

அதற்குப் பதில் விண்பதியம் போடுங்கள், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விட வைப்பது. பென்சில் தடிமனுள்ள, முற்றிய, நேரான கிளையில் 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்குங்கள். உள்ளே வழுவழுவென்று இருக்கும் பச்சைப் படலத்தைக் கத்தி முதுகால் சுரண்டி எடுப்பது முக்கியம். அதை விட்டுவிட்டால் பட்டை மறுபடி இணைந்துகொள்ளும், வேர் வராது; பதியம் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். ஈரமான பாசியோ தேங்காய் நார்த்தூளோ கைப்பிடி அளவு பிழிந்து சுற்றி, பாலித்தீனால் மூடி, இரண்டு முனையும் இறுக்கிக் கட்டுங்கள். பல மரங்களில் நான்கு முதல் எட்டு வாரத்தில் வெள்ளை வேர் பாலித்தீனுக்குள் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் வைத்து நிழலில் விடுங்கள்.

குற்றுச்செடிக்குக் குச்சி போதும். 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணு, கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு, மேலே இரண்டு இலை மட்டும். ஒரு குச்சியை நம்பாதீர்கள், ஆறு வையுங்கள். தலைகீழாக நட்டுவிட்டு 'வரவில்லையே' என்று புலம்புவோர் நிறைய. வெட்டும்போதே கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டினால் குழப்பம் வராது. விதை எடுத்தால் முளைக்கும், ஆனால் ஒட்டுக்கட்டிய மரத்தின் விதை தாய் மரம் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நாடு விட்டு நாடு போகிறவர்கள் செடியும் மண்ணும் எடுக்கும் முன் அந்த நாட்டுப் பயிர்த் தடுப்புக்காப்பு விதிகளைப் பாருங்கள். மண்ணை அனேகமாக விடமாட்டார்கள்.

வீட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொள்ளலாமா?

சொந்த வீட்டை விற்பதாக இருந்தால், எடுத்துக்கொள்ளப்போவதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். சுவரோடு பொருத்தியது எல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்பதுதான் பொதுவாக வாங்குகிறவரின் எதிர்பார்ப்பு. வாடகை வீடு என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நல்ல தேர்வு கைப்பிடி. தினமும் கைபட்ட பொருள், சிறியது, புது வீட்டிலும் பயன்படும். அலமாரிக் கைப்பிடியை மாற்றும்போது இரண்டு திருகுத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். 64, 96, 128, 160 மில்லிமீட்டர் என்று 32இன் மடங்குகளாகப் பெரும்பாலும் வரும். அதே அளவில் வேறொன்றை அங்கே பொருத்திவிட்டு இதைக் கழற்றிக்கொள்ளுங்கள். பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்து வைப்பது மட்டும் வேண்டாம், பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கலாம். சாவியை ஒப்படைத்துத்தான் ஆக வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் புது ஆட்கள் பூட்டை மாற்றும்வரை அந்தப் படத்தை எங்கேயும் போடாதீர்கள். படத்தைப் பார்த்தே மாற்றுச்சாவி செய்ய முடியும்.

அக்கம்பக்கத்து ஆட்களை எப்படித் தக்கவைப்பது?

நெருங்கியவர்கள் தொடர்பில் இருப்பார்கள், அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் எதிர்பாராமல் தேடப்போவது பெயர் தெரியாதவர்களை. தினமும் அதே நேரத்தில் நாயோடு நடப்பவர், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அந்த அம்மா. 1972இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இப்படிப்பட்டவர்களை 'பழக்கமான அந்நியர்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பேசியதே இல்லை, ஆனால் இரண்டு நாள் காணவில்லையென்றால் 'என்ன ஆச்சோ' என்று தோன்றும். அவர்களுக்கு உங்களையும் அப்படித்தான் தோன்றும். போவதற்கு முந்தைய வாரம் 'நாங்க வேற ஊருக்குப் போறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பலருக்கும் அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

குழாய், மின்சாரம், பூட்டு வேலைக்கு வழக்கமாக வருகிறவர்களின் எண்களை உங்களுக்காக வேண்டாம், அடுத்து வருகிறவர்களுக்காக அவர்களின் சம்மதத்தோடு எழுதிவையுங்கள். எந்த வால்வு எதை மூடும், எந்த ஜன்னல் மழையில் கசியும் என்பதையும் அதே தாளில் சேர்க்கலாம்.

பூனை, நாய்?

நாய் ஆளோடு ஒட்டிக்கொள்ளும், பூனை இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது முழு உண்மை இல்லாவிட்டாலும் வீடு மாறும்போது அப்படியே நம்பி நடப்பது பாதுகாப்பு. பூனையை முதலில் ஒரே அறையில், அதன் மணல் தட்டு, தண்ணீர், துவைக்காத விரிப்போடு விடுங்கள். விரிப்பைத் துவைத்துப் புதுசாகக் கொடுப்பது அன்பு போலத் தோன்றும், ஆனால் பழகிய ஒரே வாசனையையும் பிடுங்கிக்கொள்கிறீர்கள். இரண்டிலிருந்து நான்கு வாரம் வெளியே விடாதீர்கள். பழைய வீடு அருகில் இருந்தால் அங்கே திரும்பிப் போகும். அங்குள்ளவர்களிடம் எண்ணைக் கொடுத்து, சாப்பாடு வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்திருந்தால், அதன் பதிவில் உள்ள முகவரியை மாற்றுங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ராத்திரியில். பழைய வீட்டில் கட்டிலை விட்டு இடது பக்கம் இறங்கி, ஆறு அடி வைத்து, வலது பக்கம் திரும்பினால் கழிப்பறை. அரைத்தூக்கத்தில் எழுந்தால் கால் அதே வழியில்தான் போகும். அங்கே இப்போது சுவர் இருக்கலாம். படிக்கட்டு இருந்தால் ஆபத்து. அதனால் புது அறையில் கட்டிலைப் போடும்போது அழகு பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் இறங்குவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பது கூடுமானவரை பழையபடியே இருக்கட்டும். முடியாவிட்டால் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாகச் சிறு இரவு விளக்குகள், படிக்கட்டு வாயில் தடுப்பு. கண்ணாடி, தண்ணீர், கைத்தடி எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று பழைய அறையில் படம் எடுத்துவைத்து அதேபோல் அடுக்குங்கள். அவர்களின் பழைய நாற்காலியை மாற்றவே வேண்டாம். உட்காரும் உயரம் சில சென்டிமீட்டர் குறைந்தாலே எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள்.

மறதி நோய் இருப்பவர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று திரும்பத்திரும்பக் கேட்டால் 'இதுதான் வீடு' என்று வாதாட வேண்டாம். வாதம் எடுபடாது. பழைய வீட்டின் படத்தை எடுத்துக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள்.

குழந்தைகளுக்கு?

அவர்களுடைய சாமானைக் கடைசியில் கட்டுங்கள், முதலில் பிரியுங்கள். மற்றபடி பெரியவர்கள் நினைப்பதைவிட வேகமாகப் பழகிவிடுவார்கள்.

வந்து இரண்டு மாதமாகியும் கை பழைய ஸ்விட்ச் இருந்த இடத்தைத் தடவுகிறது. சாதாரணமா?

மிகச் சாதாரணம். புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்க எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. இது புதிதாக ஒன்றைப் படிப்பதற்கான கணக்கு. நீங்கள் இருபது வருஷப் பழசை அழித்துவிட்டுப் படிக்கிறீர்கள். வேலை முடிந்து வண்டியை ஓட்டிக்கொண்டே பழைய தெருவுக்குள் திரும்பிவிடுவதும் இந்த ரகம்தான். களைப்பிலும் யோசனையிலும் இருக்கும்போது அதிகம் நடக்கும்.

இந்த ஏக்கம் ஒரு நோயா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1688இல் ஜோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாஸல் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், வீட்டுக்குத் திரும்புவதையும் வலியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து 'நாஸ்டால்ஜியா' என்று அதற்குப் பெயர் சூட்டினார். இன்று அது நோய்ப் பட்டியலில் இல்லை.

முதல் இரண்டு வாரம் பலருக்கு ஒன்றும் தெரியாது, வேலை அவ்வளவு இருக்கும். கடைசிப் பெட்டியைப் பிரித்து, உட்கார்ந்து மூச்சு விடும் நாளில்தான் வந்து அடிக்கும். அதை எதிர்பார்த்திருந்தால் 'தப்பான முடிவெடுத்துவிட்டோமோ' என்று பயப்படத் தோன்றாது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்; அது வேறு விஷயம்.

பழைய வீட்டைப் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் முதல் வருஷத்தில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உங்கள் மனசில் இருக்கும் வீட்டின் மேல் புது வர்ணமும் புதுக் கேட்டும் பதிந்துவிடும், பிறகு இரண்டையும் பிரிப்பது கஷ்டம். போனால் தெருவிலிருந்து பாருங்கள். மணியை அடித்து உள்ளே போக ஆசையிருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், திடீரென்று நிற்காதீர்கள். மரத்தை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போவது உத்தமம்.

போகாமலே பார்க்க வேண்டுமென்றால் கூகுள் ஸ்ட்ரீட் வியூ இருக்கிறது. 2014 முதல் அதில் பழைய வருஷங்களில் எடுத்த படங்களையும் பார்க்கலாம். உங்கள் தெருவுக்கு இருந்தால், கணினித் திரையில் தேதியைத் தட்டிப் பின்னோக்கிப் போங்கள். உங்கள் வண்டி வாசலில் நிற்கும் வருஷம் கிடைத்தால் திரையைப் படமெடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டை மங்கலாக்கச் சொல்லிப் புது உரிமையாளர் விண்ணப்பித்தால் அது மறைந்துவிடும், திரும்பவும் வராது.